44-ன் வாழ்க்கைக் குறிப்பு

1981-ல் உலகத்து இணையம் முழுவதும் ஒரு பதிவேட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய மரீனா டெல் ரேயில், தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஒன்றில் இருந்த ஜான் போஸ்டல்தான் அதற்குக் கணக்குப்பிள்ளை. நீண்ட தாடி, காலில் செருப்பு. எந்த வலைப்பின்னலுக்கு எந்த எண் என்பதை அவர் எழுதி வைத்தால் அதுதான் சட்டம்.

அந்த ஆண்டு உறுதியான ஐபி முகவரி முறை இன்னும் நம் வீட்டில் ஓடுகிறது. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் 429 கோடிச் சொச்சம். முதல் எண்ணை மட்டும் ஒருவர் பெயருக்கு எழுதிவிட்டால் மீதி மூன்றையும் அவர் இஷ்டப்படி நிரப்பிக்கொள்ளலாம். அதாவது 1,67,77,216 முகவரிகள் அவர் கையில். அன்றைக்கு அது பெரிய தாராளமாக யாருக்கும் தோன்றவில்லை. இணைந்திருந்த கணினிகளே சில நூறுதான்.

எண் 10 அமெரிக்க ராணுவப் பணத்தில் பிறந்த அர்ப்பாநெட்டுக்குப் போனது. 18 எம்.ஐ.டிக்கு. 36 ஸ்டான்ஃபோர்டுக்கு. இந்த மிராசுதார் வரிசையில் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் 44-க்கு எதிரே இருந்தது: அமெச்சூர் ரேடியோ. ராணுவம் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை, கம்பெனியும் இல்லை. மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டி, பொழுதுபோகாமல், அல்லது பொழுது போதாமல், கண்டம் விட்டுக் கண்டம் பேசிக்கொண்டிருந்த ஹாம் வானொலிக்காரர்கள். ஒரு தனி மனிதர் தன் வீட்டுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத, இந்த முறையிலான இணைய முகவரி ஒன்றைக் காசில்லாமல் பெற இன்றும் வழி இருக்கிறது என்றால், அந்த ஒரு வரிதான் காரணம்.

அதைக் கேட்டு வாங்கியவர் ஹாங்க் மாக்னுஸ்கி. வானொலியில் அவருடைய அழைப்புக்குறி கேஏ6எம். அவருக்கு முன்பே கனடாக்காரர்கள் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 1978-ல் மான்ட்ரீலில் கணினித் தகவலைத் துண்டு துண்டாக நறுக்கி வானொலி அலையில் அனுப்பிப் பார்த்தார்கள். வான்கூவர் குழு அதற்கான சிறு கருவியையே வடிவமைத்தது. அமெரிக்காவிலோ, கணினி எழுத்து முறையில் ஹாம்கள் செய்தி அனுப்பவே 1980 மார்ச் வரை அரசு அனுமதி இல்லை. அனுமதி வந்த ஆண்டே, டிசம்பரில், மாக்னுஸ்கி சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஓர் அஞ்சல் நிலையத்தை ஓடவிட்டார். வருகிற துண்டை, அதாவது பேக்கெட்டைக் காதில் வாங்கி அப்படியே திரும்ப ஒலிபரப்பும் எந்திரம். அமெரிக்காவில் அதுதான் முதல்.

வீட்டுக்கு வீடு கணினிகள் இப்படி வானொலியில் பேசத் தொடங்கினால் நாளைக்கு அவை அந்தப் பெரிய வலையோடும் பேச வேண்டிவரும், அப்போது ஒவ்வொன்றுக்கும் மற்றவரோடு மோதாத ஓர் எண் வேண்டும் என்ற கணக்கு அவருக்கு இருந்தது. கேட்டார், கிடைத்தது. கட்டணம் என்ற பேச்சே அன்று இல்லை. உலகத்து ஹாம்கள் எல்லோருக்குமாக 1.67 கோடி முகவரிகள், ஒரு பொழுதுபோக்குக்காரரின் கோரிக்கையில் வந்து சேர்ந்தன. பின்னாளில் தொண்ணூறுகளின் தொடக்கம் வரைகூட, ஒரு படிவத்தை நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பினால் 256 முகவரிகள் தனி நபருக்கே கிடைக்கும் காலம் இருந்தது. முன்கூட்டியே கேட்கத் தோன்றியவர்களுக்கு மட்டும் திறந்திருந்த கதவு அது.

எண் வந்துவிட்டது, அதில் ஓட்டுவதற்கு மென்பொருள் இல்லை. எண்பதுகளின் நடுவில் அதை எழுதியவர் ஃபில் கார்ன், அழைப்புக்குறி கேஏ9கியூ. அந்தக் குறியே மென்பொருளின் பெயராகவும் நிலைத்தது. இணையத்தின் டிசிபி/ஐபி விதிகளைப் பல்கலைக்கழகத்துப் பெரிய எந்திரங்களிலிருந்து பிடுங்கிவந்து, வீட்டு மேசையில் இருந்த சின்னக் கணினிக்குள் அவர் நுழைத்தார். வானொலியில் வேகம் விநாடிக்கு 1200 பிட். இன்று வாட்ஸப்பில் வரும் 200 கேபி படம் ஒன்று அந்த வேகத்தில் வந்து சேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், இடையில் யாரும் குறுக்கே பேசாவிட்டால். குறுக்கே பேசாமல் யார் இருந்தார்கள்?

அந்தத் தொல்லையிலிருந்து ஒரு நல்ல விஷயம் பிறந்தது. அனுப்பிய பேக்கெட்டுக்குப் பதில் வரவில்லை என்றால் கணினி அதையே மறுபடி அனுப்பும். பிறகு ஒரு பதில் வருகிறது. அது முதல் பேக்கெட்டுக்கா, இரண்டாவதற்கா? தெரியாமல் நேரத்தைக் கணக்கிட்டால் கணக்கு தப்பும், தப்பிய கணக்கை நம்பி அவசரப்பட்டு அனுப்பினால் நெரிசல் இன்னும் கூடும். மறுமுறை அனுப்பிய பேக்கெட்டை வைத்து நேரம் அளக்கவே கூடாது என்றார் கார்ன். 1987-ல் கிரெய்க் பார்ட்ரிட்ஜோடு சேர்ந்து அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கார்ன் முறை என்ற பெயரில் அது டிசிபியின் பகுதியாகிவிட்டது. இதைப் படிக்கும் எவர் கைபேசியிலும் அது இருக்கிறது. 44-ஆம் எண் வீணாகப் போனது என்று பின்னாளில் சொன்னவர்களுக்கு இதுவே பதில் என்று நினைக்கிறேன்.

கேஏ9கியூ மென்பொருளுக்கு இன்னொரு வாழ்க்கையும் வாய்த்தது. 1992-ல் லண்டனில் டீமன் இன்டர்நெட் என்ற கம்பெனி, மாதம் பத்து பவுண்டுக்குச் சாதாரண மக்களுக்கு இணைய இணைப்பு விற்க ஆரம்பித்தது. வாடிக்கையாளர் கணினியில் ஓட்டுவதற்குக் கொடுத்தது இந்த ஹாம் மென்பொருளைத்தான். அதைவிட முக்கியம், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாறாத, தனக்கே உரிய ஒரு முகவரியும் கிடைத்தது. தொலைபேசிக் கம்பியில் கிர்ர் என்று கத்தி இணைந்த வீடுகளும் அன்று முழு உரிமையுள்ள இணையக் குடிகள்.

44-ஐப் பல பத்தாண்டுகள் வளர்த்தவர் பிரையன் கேன்ட்டர். சான் டியேகோவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வேலை. யூஸ்நெட் என்ற விவாத வலையின் செய்திகளை இணையத்தில் கொண்டுசெல்லும் விதியை 1986-ல் எழுதிய இருவரில் ஒருவர். 44-க்காக அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் வட்டாரத்துக்கும் ஒரு தன்னார்வலர் இருப்பார். ஹாம் ஒருவர் அவருக்கு எழுதிக் கேட்டால், தொகுப்பிலிருந்து சில எண்களை அவர் பிரித்துத் தருவார். அழைப்புக்குறியே கணினிப் பெயராகி, பின்னால் ஆம்பர் டாட் ஆர்க் என்று சேர்ந்துகொள்ளும். முகவரிக்கு ஆதாரம் மனிதரின் பெயர்தான், அவர் எந்த இணையக் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறார் என்பது அல்ல. கம்பெனி மாறினாலும் வீடு மாறினாலும் எண் கூடவே வரும்.

ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த இந்த வானொலித் தீவுகளை இணைக்க, சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் ஒரு நுழைவாயில் கணினி இருந்தது. 44 என்று தொடங்கும் எதையும் இங்கே அனுப்புங்கள் என்று அது உலகத்துக்கு அறிவிக்கும். வந்ததை இன்னொரு பேக்கெட்டுக்குள் வைத்து மூடி, உரிய ஹாமின் வீட்டு இணைப்புக்குத் தள்ளிவிடும். இதற்கு டனல் என்று பெயர். வீட்டுக்கு இணைப்பு தரும் கம்பெனிக்கு உள்ளே என்ன போகிறது என்ற கவலையே வேண்டாம்.

இதற்கிடையில் மற்ற வீடுகளில் நடந்தது வேறு. முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற பயம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1994-ல் நாட் என்ற ஏற்பாடு எழுத்துக்கு வந்தது: உள்ளே எத்தனை கணினி இருந்தாலும் வெளியே ஒரே முகவரி. நூறு குடித்தனம் இருக்கும் கட்டடத்துக்கு வாசலில் ஒரே தபால் பெட்டி வைத்த மாதிரி. உள்ளேயிருந்து கடிதம் போடலாம், பதிலும் வரும், ஆனால் முன்பின் எழுதாத ஒருவர் மூன்றாம் மாடிக்காரருக்கு நேராக எழுத முடியாது. உள்ளே புழங்குவதற்கென்று 192.168 போன்ற எண்கள் ஒதுக்கப்பட்டன. அவை உன் வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் உண்டு. 1990-ல் அர்ப்பாநெட் மூடப்பட்ட பிறகு, அதன் பழைய எண்ணான 10-ம் இதே கதிக்கு வந்தது. ஒரு காலத்தில் இணையமே அதுதான். இன்று எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்லை.

அதுவும் போதாமல், 2012-ல் இணையக் கம்பெனிகள் தங்களுக்குள் நாட் செய்துகொள்ள 100.64 முதல் 100.127 வரையிலான எண்களைத் தனியே ஒதுக்கினார்கள். இப்போது வாசல் பெட்டிகூட நம்முடையதில்லை, தெருவுக்கே ஒன்று. வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க எங்கோ ஒரு கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிவர வேண்டியிருப்பது இதனால்தான். வீட்டில் சொந்தமாக ஒரு சர்வர் வைக்க ஆசைப்பட்டவர்கள் முட்டிக்கொள்வதும் இந்தச் சுவரில்தான்.

44-ல் பெரும்பகுதி காலியாக இருந்தது உண்மை. அந்தக் காலி இடமும் ஒரு வேலை பார்த்தது. ஆளில்லாத முகவரிக்கு யார் பேக்கெட் அனுப்புவார்கள்? குருட்டாம்போக்கில் எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கும் வைரஸ்கள்தான். இணையத்தின் முகவரிகளில் 256-ல் ஒரு பங்கு ஒரே இடத்தில் காலியாகக் கிடந்தால், உலகம் முழுவதும் நடக்கும் தட்டலில் 256-ல் ஒரு பங்கு அங்கே வந்து விழும். சான் டியேகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சேகரித்து எண்ணினார்கள். இணையத் தொலைநோக்கி என்று அதற்குப் பெயர். 2001 ஜூலை 19-ல் கோட் ரெட் என்ற புழு 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளைப் பிடித்தது என்ற கணக்கு அங்கேதான் போடப்பட்டது. ஒரு விஷயம் காலியாக இருப்பதற்கும் பயனற்று இருப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை.

2011-ல் விலை வந்தது. பிப்ரவரி 3 அன்று உலகக் களஞ்சியத்தின் கடைசி முகவரித் தொகுப்புகள் கண்டங்களின் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஏப்ரலில் ஆசிய பசிபிக் பதிவகம் கை விரித்தது, முதலில் தீர்ந்த கண்டம் நம்முடையதுதான். அதே ஆண்டு, திவாலான நார்டெல் கம்பெனியிடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்று 11 டாலர் 25 சென்ட். இனாமாக வந்த எண்ணுக்கு முதல்முறையாக ஊரறிய ஒரு விலைச்சீட்டு. அதே 2011-ல்தான் 44-ஐப் பராமரிக்க கலிஃபோர்னியாவில் ஆர்டிக் என்ற லாபநோக்கற்ற அமைப்பைச் சட்டப்படி பதிவு செய்தார்கள்.

மற்ற மிராசுகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டு 36-ஐ 2000-ல் காசு வாங்காமல் பொதுவில் திருப்பிக் கொடுத்துவிட்டது. 2010-ல் அது ஆசிய பசிபிக் பதிவகத்துக்கு வந்து, நம் கண்டத்துக்காரர்களுக்குப் பயன்பட்டது. எம்.ஐ.டி 2017-ல் 18-ன் பாதியை அமேசானுக்கு விற்றது. 44 என்ன செய்யும் என்ற கேள்விக்கு 2019 ஜூலையில் விடை கிடைத்தது: 44.192 முதல் 44.255 வரை, அதாவது கடைசிக் கால்பங்கு, 41,94,304 முகவரிகள், அமேசானுக்கு விற்பனை. தொகை 10 கோடி டாலருக்கும் மேல், முகவரிக்கு 25 டாலர் அளவில்.

ஹாம்கள் கொந்தளித்தார்கள். விற்பனை முடிந்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும். உலகத்து ஹாம்கள் எல்லோருக்கும் என்று கொடுக்கப்பட்டதை, கலிஃபோர்னியாவில் பதிவான ஓர் அமைப்பின் சில நிர்வாகிகள் எந்த உரிமையில் விற்கிறார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எதிர்த் தரப்பின் வாதமும் லேசானதல்ல: அந்தக் கால்பங்கில் ஹாம்கள் பெரும்பாலும் குடியேறவே இல்லை, ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை பரவினால் பழைய எண்களின் விலை ஒருநாள் விழுந்துவிடும், இன்று விற்றால் அந்தப் பணம் என்றைக்கும் வானொலிக்கு உதவும். என் கட்சி இதுதான்: விற்றது சரி, சொல்லாமல் விற்றது தப்பு. பேரம் படியும்வரை வாயைத் திறக்க முடியாது என்பது வியாபாரிக்குப் பொருந்தலாம். அறங்காவலருக்குப் பொருந்தாது.

பிரையன் கேன்ட்டர் அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். அமைப்பின் தலைமைக்கு ஃபில் கார்ன் வந்தார். விற்ற பணத்தில் நன்கொடைகள் வழங்கத் தொடங்கினார்கள். எம்.ஐ.டியின் கிரீன் கட்டட உச்சியில் மாணவர் வானொலிக் கழகம் பயன்படுத்தும் ஆன்டெனாவின் வெள்ளை உருண்டை மூடி இடிபடும் நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்ற ஆர்டிக் 16 லட்சம் டாலர் தந்தது. தானே தன் முகவரிகளை அமேசானுக்கு விற்ற எம்.ஐ.டியின் மாணவர்கள், ஹாம்கள் தங்கள் முகவரிகளை அமேசானுக்கு விற்ற காசில் கூரையைச் சரிசெய்துகொண்டார்கள். கற்பனைக் கதையில் இதை எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்.

வாங்கியவருக்கு நட்டமில்லை. 2024 பிப்ரவரி முதல் அமேசான் தன் மேகக் கணினிச் சேவையில் பழைய முறை முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வாடகை வசூலிக்கிறது. ஆண்டுக்கு 43 டாலர் 80 சென்ட். 44-ல் வாங்கிய முகவரி ஒன்று வாடகைக்குப் போனால், விலை ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

மிச்சம் முக்கால் பங்கு, 44.0 முதல் 44.191 வரை, இன்னும் ஹாம்களுடையதே. பெறும் வழி பழைய வழிதான், கடிதத்துக்குப் பதில் இப்போது இணையப் பக்கம். ஹாம் உரிமம் இருப்பதை நிரூபிக்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. முகவரிக்குக் கட்டணமில்லை. சில எண்கள் போதும் என்பவர் டனல் வழியாக வீட்டுக்குக் கொண்டுவரலாம். பழைய டனல் முறை இணையக் கம்பெனியின் நாட் ஏற்பாட்டைத் தாண்டி வராது. இப்போது வயர்கார்டு என்ற புதிய டனல் முறை சேர்ந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் இணைப்பை வீட்டு ரவுட்டரே வெளியே போய்த் தொடங்குகிறது. துணிச்சல்காரர்கள் 256 எண்கள் கொண்ட முழுத் தொகுப்பு வாங்கி, ஆர்டிக் தரும் அனுமதிக் கடிதத்தோடு, வாடகைச் சர்வர் ஒன்றிலிருந்து தாங்களே உலகத்துக்கு அறிவித்துக்கொள்கிறார்கள். அதற்குக் குறைந்த அளவை உலகத்து ரவுட்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டு எச்சரிக்கை. வானொலி அலையில் ரகசியக் குறியாக்கம் கூடாது என்பது ஹாம் விதி, ஆகவே வங்கிக் கணக்கை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நேரடி முகவரி கிடைத்த சில நிமிடங்களிலேயே யார் யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள், ஃபயர்வால் இல்லாமல் இறங்கவே கூடாது.

ஹாம் அல்லாதவர்களுக்கு அந்தப் புதிய ஐபிவி6 முறை இருக்கிறது. அதில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐரோப்பாவில் தனி நபர்கள்கூட, பதிவக உறுப்பினர் ஒருவர் பரிந்துரைக்க, ஆண்டுக் கட்டணம் கட்டித் தங்கள் பெயரிலேயே ஒரு தொகுப்பு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஹரிக்கேன் எலக்ட்ரிக் கம்பெனி, கேட்பவருக்கெல்லாம் பல ஆண்டுகளாக இலவச டனலும் வீட்டுக்குத் தேவைக்கு மேலான முகவரிகளும் தருகிறது. ஆனால் இதுவும் நாட் ஏற்பாட்டைத் தாண்டி வராத பழைய வகை டனல்தான்.

நம் ஊரில் இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு ரவுட்டரின் நிலவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால், பழைய முறையில் உங்களுக்கென்று முகவரி கிடையாது. பக்கத்திலேயே 2 என்று ஆரம்பிக்கும் நீளமான எண் ஒன்று இருந்தால், உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத முகவரி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2016-ல் ஜியோ வந்த பிறகு ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டதால், பலர் வீட்டிலும் அது இருக்கும். ஆனால் அது கம்பெனி தந்தது, கம்பெனி நினைத்தால் மாறும்.

மாறாத எண்தான் வேண்டும், அதுவும் பழைய முறையில், காசில்லாமல் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதுங்கள். கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் விதிகள். பொதுநிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியும் உண்டு. வயது 12 ஆகியிருந்தால் போதும்.